செஸ்னாவுக்கு 360 குதிரை பூட்டினால்...

ஹாஸ்டல் ரூமில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருக்கும் ஆசாமிகளை இரண்டே கோஷ்டியில் அடக்கிவிடலாம். முதல் கோஷ்டி, பொறுமையாக செக்லிஸ்ட் படித்து, டவரிடம் பர்மிஷன் கேட்டு, ஒன்றரை மணி நேரம் ஒரே திசையில் பறந்து, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவனைக் குறட்டை விட வைப்பவர்கள். இரண்டாவது கோஷ்டி, முதல் நாளே "என்ன மச்சி இது, டவுன் பஸ் மாதிரி போகுது?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே அந்த விமானத்தின் ஃபைலை நோட்பேடில் திறந்துவிடுபவர்கள்.

என் ஓட்டு இரண்டாவது கோஷ்டிக்குத்தான். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். ஒரு எண்ணை மாற்றுவதற்கு முன்னால், மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒரு பேப்பரில் எழுதிவிட வேண்டும். அப்புறம்தான் பறக்கணும். எழுதாமல் பறந்தால் அது வெறும் விளையாட்டு. எழுதிவிட்டுப் பறந்தால், நாலாவது செமஸ்டர் ஏரோடைனமிக்ஸ் புத்தகம் பாதி முடிந்த மாதிரி.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1979-80 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய சிமுலேட்டர்தான் இந்தக் குடும்பத்தின் தாத்தா. 1982-ல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தது. 2006-ல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் வரைக்கும் விமானத்தின் ஜாதகம் முழுக்க நம்ம கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை 2009-ல் இழுத்து மூடினார்கள். 2020-ல் மறுபடி உயிர் வந்தபோது ஜாதகத்தை ஃபிளைட் மாடல், எஞ்சின்ஸ் என்று தனித்தனி ஃபைல்களாகப் பிரித்துவிட்டார்கள். 2024 பதிப்பில் நிறைய சரக்கு கிளவுடிலிருந்து ஓடி வருவதால் முன்ன மாதிரி சுலபமாகக் கை வைக்க முடிவதில்லை. கற்றுக்கொள்ள இன்னிக்கும் லட்டு மாதிரி இருப்பது அந்தப் பழைய எக்ஸ்தான். பழைய லேப்டாப்பே போதும்.

சரி, மேட்டருக்கு வருவோம். சிமுலேட்டர் ஃபோல்டருக்குள் சிம்ஆப்ஜெக்ட்ஸ், அதற்குள் ஏர்பிளேன்ஸ், அதற்குள் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதில் 'ஏர்கிராஃப்ட் டாட் சி.எஃப்.ஜி' என்று ஒரு ஃபைல் இருக்கும். வெறும் டெக்ஸ்ட்தான். நோட்பேட் போதும். பக்கத்திலேயே 'டாட் ஏர்' என்று இன்னொரு ஃபைல் தெரியும். அதுக்குள்ள இருப்பவை இறக்கையின் லிஃப்ட், டிராக் அட்டவணைகள். அதை நோட்பேடில் திறந்தால் ஜிலேபி எழுத்துதான் தெரியும். இப்போதைக்கு அதன் வழிக்கே போகாதீங்க.

கை வைப்பதற்கு முன் செஸ்னா 172 ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வேறு பெயர் கொடுங்கள். காப்பிக்குள் இருக்கும் ஃபைலின் ஆரம்பத்தில் 'டைட்டில்' என்று ஒரு வரி வரும். அதையும் கண்டிப்பாக மாற்றணும். ஒரே டைட்டிலில் இரண்டு விமானம் இருந்தால் சிமுலேட்டர் குழம்பி, ஏதாவது ஒன்றை மறைத்துவிடும். 'மாத்தினேன், ஒண்ணுமே ஆகலை பாஸ்' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இல்லாட்டி, விண்டோஸ் அந்த ஃபோல்டரில் சேவ் பண்ணவே விட்டிருக்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக நோட்பேடைத் திறந்தால் அந்தப் பிரச்னை காலி.

இப்போ, எல்லோருடைய விரலும் முதலில் ஓடுகிற இடம். பிஸ்டன் எஞ்சின் என்ற தலைப்புக்குக் கீழே 'பவர் ஸ்கேலர்' என்று ஒரு வரி. மதிப்பு 1.0. அதை 2.0 ஆக்கினால் எஞ்சின் சக்தி இரண்டு மடங்கு. செஸ்னா 172-இன் எஸ் மாடலில் இருப்பது 180 குதிரைத்திறன் லைகோமிங் எஞ்சின். ஆக, 360 குதிரை. கடல் மட்டத்தில் முழு திராட்டிலில் இந்த விமானத்தின் அதிகபட்ச வேகம் 126 நாட், அதாவது மணிக்கு சுமார் 233 கிலோமீட்டர். இப்போ பேப்பரை எடுங்க. குதிரை இரண்டு மடங்கானால் வேகம் எவ்வளவு ஆகும்?

252 என்று எழுதியவர்கள் கையைத் தூக்குங்க!

பைக்கில் 40-ல் போகும்போது நெஞ்சில் மோதும் காற்றுக்கும் 80-ல் போகும்போது மோதுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்கு. எஞ்சின் செலவழிக்க வேண்டிய சக்தி என்பது தடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. நாலை இரண்டால் பெருக்கினால் எட்டு. அதாவது இரட்டை வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி! செஸ்னாவை 252 நாட்டில் ஓட்டணும்னா 1440 குதிரை வேணும். இரண்டாம் உலகப் போரில் பறந்த முதல் ஸ்பிட்ஃபயர்களின் மெர்லின் எஞ்சினே ஆயிரத்துச் சொச்சம் குதிரைதான் என்றால் பார்த்துக்கோங்க.

இதையே திருப்பிப் போட்டால், சக்தி இரண்டு மடங்கானால் வேகம் இரண்டின் கனமூலம் அளவுக்குத்தான் ஏறும். 1.26 மடங்கு. 126-ஐ 1.26-ஆல் பெருக்கினால் 159 நாட். அவ்ளோதான்! ஒரு முழு எஞ்சினையே கூடுதலாகப் போட்டும் கிடைத்தது 33 நாட். அதுகூட நிம்மதியான 33 இல்லை. இந்த விமானத்தில் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாத சிவப்புக்கோட்டு வேகம் 163 நாட். அதன் வாசலுக்கே வந்துவிட்டோம். புரொப்பெல்லர் நிலைமை இன்னும் மோசம். 172-ன் புரொப்பெல்லர் பிளேடின் கோணம் மாறாத வகை. அதனால் எஞ்சின் சுற்றும் வேகமும் அதே 1.26 மடங்கு ஏறியாகணும். 2700-ல் சிவப்புக் கோடு போட்டிருக்கும் எஞ்சின் 3400-ஐ நோக்கிப் போகும். நிஜத்தில் அந்த எஞ்சினை ஒர்க்‌ஷாப்புக்கு அல்ல, காயலான் கடைக்குத்தான் அனுப்பணும். சிமுலேட்டர் பாவம், ஒண்ணும் சொல்லாது. நாலைந்து நாட் முன்னே பின்னே வரலாமே தவிர, உங்கள் 159-ஐ ஒட்டித்தான் முள் நிற்கும். ஓட்டிப் பாருங்க.

'அப்போ அந்த மீதி சக்தி எல்லாம் எங்கே போச்சு?' நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த பரிசோதனையே இதுதான்.

அதே விமானத்தில் மூக்கைத் தூக்கி ஏறிப் பாருங்கள். கம்பெனி கையேட்டின்படி, 2550 பவுண்டு முழு எடையோடு கடல் மட்டத்தில் இது நிமிடத்துக்கு 730 அடி ஏறும். 2550 பவுண்டை நிமிடத்துக்கு 730 அடி தூக்க எத்தனை குதிரை தேவை? ஒரு குதிரைத்திறன் என்றால் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு. கால்குலேட்டரைத் தட்டினால் 56 வருகிறது. அதாவது 180 குதிரையில் மேலே தூக்கும் வேலையைப் பார்ப்பது வெறும் 56. மிச்சமெல்லாம் விமானத்தைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகவும், புரொப்பெல்லர் வீணாக்குவதற்கும் சரியாப் போச்சு. இப்போ இன்னொரு 180 குதிரை வருகிறது. ஏறும்போது புரொப்பெல்லர் 70 சதவீதத்தை உபயோகமாக மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 126 குதிரை. காற்றில் தள்ளிக்கொண்டு போகும் செலவு ஏற்கெனவே கட்டியாச்சு. அதனால் இந்த 126-ம் அப்படியே தூக்குவதற்குப் போகிறது. 56-ம் 126-ம் சேர்ந்து 182. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 2300 அடியைத் தாண்டும். மூன்று மடங்குக்கும் மேலே!

அதே கூடுதல் எஞ்சின், அதே விமானம். நேராக ஓட்டினால் கால் பங்கு லாபம், ஏறினால் மூன்று மடங்கு. லெக்சரர் போர்டில் 'எக்ஸஸ் பவர்' என்று எழுதிவிட்டுப் போகும்போது மண்டையில் ஏறாதது, மீட்டரில் முள் சுற்றுவதைப் பார்க்கும்போது ஏறும். போர் விமானங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய எஞ்சின் என்பதற்கும் பாதி பதில் இதில் இருக்கிறது.

ஜெட் பிரியர்களுக்கு ஒரு வரி. ஜெட் எஞ்சின் பகுதியில் இருக்கும் 'திரஸ்ட் ஸ்கேலர்' இதே ரகம். அங்கே கனமூலத்துக்குப் பதில் வர்க்கமூலம், 1.41 மடங்கு. ஆனால் 737 மாதிரி விமானங்களில் ஒலி வேகத்தை நெருங்க நெருங்கத் தடை செங்குத்தாக எகிறுவதால் அந்த 1.41-ம் கைக்கு வராது. ஓவர்ஸ்பீட் எச்சரிக்கை மட்டும் கடகடவென்று கத்தும்.

அடுத்தது 'ஃபிளைட் டியூனிங்' பகுதி. குட்டிக் குட்டியாகப் பத்துப் பதினைந்து வரிகள், எல்லாம் 1.0. இதுதான் நிஜமான பொம்மைக்கடை. இதில் 'பாரசைட் டிராக் ஸ்கேலர்' என்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வரும் தடை. பவரை மறுபடி 1.0-க்குக் கொண்டுவந்துவிட்டு இதை 0.5 ஆக்குங்கள். வேகம் எவ்வளவு? பேப்பர்! தடை பாதியானாலும் சக்தி இரட்டிப்பானாலும் சமன்பாட்டில் ஒரே விளைவுதான். அதே 159 பக்கத்தில் வரும். அதுவும் சொட்டுப் பெட்ரோல் கூடுதல் இல்லாமல். விமானம் வடிவமைப்பவர்கள் சக்கரத்தை உள்ளே மடக்குவதற்கும், ஆணித் தலையை இறக்கைத் தோலோடு வழுவழுப்பாக்குவதற்கும் ஏன் உயிரை விடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

ஓசியில் கிடைத்த சந்தோஷத்தோடு இறங்கப் பாருங்கள். அப்போ தெரியும் சேதி. நிஜ 172 எஞ்சின் நின்றுபோனால் ஒரு அடி இறங்குவதற்குள் சுமார் 9 அடி முன்னே போகும். இந்தப் பாதித்தடை விமானம் 12, 13 அடி போகும். திராட்டிலை முழுக்க இழுத்தாலும் ரன்வே மேலே மிதந்துகொண்டே, இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ரன்வே முடிந்து புல்தரை வந்திருக்கும். தடை என்பது எதிரி மட்டும் இல்லை, பிரேக்கும் அதுதான்.

'குரூஸ் லிஃப்ட் ஸ்கேலர்' பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இதை ஏற்றினால் விமானம் அதிக எடை தூக்கும், மெதுவாகப் பறந்தாலும் விழாது என்றெல்லாம் கற்பனை. கிடையாது. இறக்கை காற்றுக்கு நேராக, கோணமே இல்லாமல் இருக்கும்போது கிடைக்கும் லிஃப்ட்டை மட்டும் அது மாற்றுகிறது. விளைவு, நேராகப் பறக்கும்போது மூக்கு கொஞ்சம் கீழே சாயும். அவ்வளவே. 'பிட்ச் ஸ்டெபிலிட்டி'யை 0.2 ஆக்கினால் விமானம் காவடி ஆடும். 'எலிவேட்டர் எஃபெக்டிவ்னஸ்' 3 என்றால் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, எதனால் ஆடுகிறது என்று தேடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு எண். இது தான் லேப் ஒழுக்கம்.

எடைப் பகுதிக்கு வந்தால் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். இங்கே எல்லாம் பவுண்டு, அடி, கேலன். கிலோ என்று நினைத்து எண் போட்டால் கதை கந்தல். சிரிக்காதீங்க, நிஜத்திலேயே நடந்திருக்கு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 22,300 கிலோ எரிபொருளுக்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 22,300 பவுண்டுடன் கிளம்பி, நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் கிளைடர் மாதிரி வந்து இறங்கியது. பைலட்டுக்கு நிஜமாகவே கிளைடர் ஓட்டத் தெரிந்திருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள்.

'மேக்ஸ் கிராஸ் வெயிட்' என்ற வரியைக் கூட்டினால் விமானம் கனமாகிவிடாது. அது லிஃப்ட் வாசலில் தொங்கும் 'ஆறு பேர் மட்டும்' போர்டு மாதிரி. நிஜ எடை என்பது 'எம்ப்டி வெயிட்', ஆட்கள் எடை, எரிபொருள் மூன்றும் சேர்ந்தது. எம்ப்டி வெயிட்டைக் கூட்டி, மொத்தத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். இறக்கை தாக்குப்பிடிக்கும் குறைந்தபட்ச வேகம், அதாவது ஸ்டால் வேகம், ஃபிளாப்ஸ் முழுக்க இறக்கிய நிலையில் 48 நாட். எடை கூடினால் அது எவ்வளவு ஆகும்? லிஃப்ட் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் எடையின் வர்க்கமூலம். 1.5-ன் வர்க்கமூலம் 1.22. ஸ்டால் வேகம் 59. இந்த வர்க்கமூலத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது விபரீதமானது. 'எம்ப்டி வெயிட் சி.ஜி. பொசிஷன்' என்ற வரியில் மூன்று எண்கள். முதலாவது முன்-பின் தூரம், அடிக்கணக்கில். மைனஸ் போனால் பின்பக்கம். அதில் 2 அடி பின்னே தள்ளிவிட்டு டேக்-ஆஃப் செய்து பாருங்கள். மூக்கு தானாகத் தூக்கும். அழுத்தினால் குப்புற விழும். விட்டால் மறுபடி தூக்கும். கொஞ்ச நேரத்தில் வியர்த்துவிடும். வெறும் இரண்டு அடிக்கா இந்த ஆட்டம்? நிஜ 172-ல் ஈர்ப்பு மையம் நகர அனுமதி மொத்தமே 12 அங்குலத்துக்குச் சற்று அதிகம். முழு எடையில் அதுவும் சுமார் 6 அங்குலம்தான். குட்டி விமானத்தில் பைலட் உங்களைப் பார்த்து 'பின் சீட்டுக்கு வேண்டாம், முன்னாடி வாங்க' என்றால் அது மரியாதைக்காக மட்டும் இல்லை.

இதெல்லாம் ஸ்க்ரீனில். எஸ்கேப் அடித்தால் மறுபடி ரன்வேயில் நிற்போம். ஆனால் இதே மாதிரி ஒரு பெட்டியில் எண் டைப் செய்துவிட்டுத்தான் நிஜ விமானமும் கிளம்புகிறது.

2009 மார்ச் 20 இரவு. மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் ஏர்பஸ் ஏ340-500. உள்ளே 257 பயணிகள், 18 பணியாளர்கள். டேக்-ஆஃபுக்கு எவ்வளவு எஞ்சின் சக்தி போதும், எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கணும் என்பதை காக்பிட்டில் இருக்கும் லேப்டாப் கணக்குப் போட்டுக் கொடுக்கும். எஞ்சின் தேய்மானத்தைக் குறைக்க, முழு சக்தி தேவையில்லாதபோது குறைந்த சக்தியில் கிளம்புவது வழக்கம். விமானத்தின் எடை 362.9 டன். லேப்டாப்பில் ஏறியது 262.9. மூன்றுக்குப் பதில் இரண்டு. ஒரே ஒரு கீ.

லேப்டாப் சொன்னதைக் கேட்கும் பிள்ளை. 262.9 டன்னுக்கு ஏற்ற சக்தியையும் வேகங்களையும் கொடுத்துவிட்டது. ரன்வேயில் ஓடி, அந்த வேகம் வந்ததும் மூக்கைத் தூக்கினால், விமானம் எழவில்லை. வால் ரன்வேயில் தேய்ந்தது. கேப்டன் சட்டென்று முழு சக்தி கொடுத்தார். ரன்வே முடிந்துபோனது. விமானம் அதையும் தாண்டி ஓடி, தரை வழிகாட்டி ஆன்டெனாவை இடித்துக்கொண்டு மேலே ஏறியது. கடலுக்கு மேல் எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. எவ்வளவு நெருக்கத்தில் தப்பினார்கள் என்பதை நினைத்தால் இப்பவும் உள்ளங்கை வேர்க்கும்.

நம்ம வர்க்கமூலத்தை எடுங்க. 362.9-ஐ 262.9-ஆல் வகுத்தால் 1.38. அதன் வர்க்கமூலம் 1.17. அதாவது அந்த இறக்கைக்குத் தோராயமாக 17 சதவீதம் அதிக வேகம் தேவைப்பட்டது. நோட்பேடில் செஸ்னாவை வைத்து நாம் போட்ட அதே கணக்கு.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2011-ல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் என்னை உறுத்திய விஷயம் டைப்பிங் தவறு இல்லை. டைப்பிங் தவறு யாருக்கும் வரும். சரிபார்க்கும் படிகளையெல்லாம் தாண்டி அந்த எண் போனது எப்படி? அந்த பைலட்டுகள் ஓட்டிய விமானங்களின் எடை நாளுக்கு நாள் பெருமளவு மாறும். இலகுவான விமானம் ஒரு நாள், கனமானது இன்னொரு நாள். அதனால் லேப்டாப் காட்டிய வேகங்களைப் பார்த்ததும் 'என்னமோ இடிக்குதே' என்ற மணி மண்டையில் அடிக்கவில்லை. 'இந்த எடைக்கு சுமார் இவ்வளவு வரணும்' என்று ஒரு எதிர்பார்ப்பு முன்கூட்டியே இருந்தால்தான் அந்த மணி அடிக்கும். பேப்பரில் எழுதுங்க, எழுதுங்க என்று இவ்வளவு நேரம் உயிரை வாங்கியது இதுக்குத்தான்.

'கேம்ல இதெல்லாம் ஓகே, பைலட் பயிற்சிக்கான பெரிய சிமுலேட்டர்ல எல்லாம் பக்காவா இருக்கும்ல?' என்று கேட்கலாம். பெரும்பாலும் இருக்கும். ஹைட்ராலிக் காலில் ஆடும் அந்த முழு சிமுலேட்டர்களை, நிஜ விமானத்தின் சோதனைப் பறப்பில் அளந்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வித்தியாசம் வரம்புக்குள் இருந்தால்தான் பயிற்சிக்கு விடுவார்கள். அப்படியிருந்தும் 2019 மே மாதம் போயிங் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: 737 மேக்ஸ் சிமுலேட்டர்களின் மென்பொருளில் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. சில நிலைமைகளில், வாலில் இருக்கும் டிரிம்மைக் கையால் சக்கரம் சுற்றித் திருப்ப எவ்வளவு பலம் தேவை என்பதை அது சரியாகக் காட்டவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேரும் மேக்ஸ் விபத்துகளில் இறந்த பிறகு வெளியே வந்த சேதி இது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் பெட்டியும், நம்ம ஹாஸ்டல் லேப்டாப்பும் ஒரு விஷயத்தில் ஒண்ணுதான். உள்ளே என்ன எண் போட்டார்களோ அதைத்தான் நம்பும்.

எக்ஸ் கைவசம் இல்லாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற இலவச, ஓப்பன் சோர்ஸ் சிமுலேட்டர் இருக்கிறது. அதிலும் செஸ்னா 172 உண்டு. எண்கள் எல்லாம் எக்ஸ்.எம்.எல். ஃபைலில் இருக்கும். அட்டவணைகள்கூட ஒளிவுமறைவின்றித் திறந்து கிடப்பதால், கோட் எழுதும் கோஷ்டிக்கு என் சிபாரிசு அதுதான். ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் வேறு ஜாதி. அங்கே லிஃப்ட் இவ்வளவு என்று எண் கொடுப்பதைவிட, இறக்கையின் வடிவத்தைக் கொடுப்பதுதான் வேலை. அது இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன விசை வரும் என்று தானே கணக்குப் போடும். கூடவே வரும் பிளேன் மேக்கரில் இறக்கையை நீட்டலாம், குறுக்கலாம். ஆனா ஆரம்பம் ஸ்கேலரில் இருந்தால்தான் அதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒரு ஹோம்வொர்க். ஃபைலில் எதையும் மாற்றாத ஒரிஜினல் செஸ்னாவை எடுத்துக்கொண்டு லே விமான நிலையத்துக்குப் போங்க. கோட் வி.ஐ.எல்.எச். கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரம். காற்று வீசாத தெளிந்த வானிலை வையுங்கள். அந்த உயரத்தில், ஸ்டாண்டர்ட் வெப்பநிலையில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 72 சதவீதம்தான். ரன்வேயில் ஓடி, ஸ்பீடு மீட்டர் 55 நாட் காட்டும்போது மூக்கைத் தூக்குங்கள். அதே நொடியில் ஜி.பி.எஸ். காட்டும் தரைவேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 65 பக்கத்தில் இருக்கும். 65-ஐ 55-ஆல் வகுத்தால் சுமார் 1.18. கிட்டத்தட்ட மெல்போர்னில் பார்த்த அதே விகிதம்! 1-ஐ 0.72-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.38 பக்கத்தில் வரும். லேயின் மெல்லிய காற்றில் நிற்கும் இறக்கைக்கு, விமானத்தில் யாரோ 38 சதவீதம் எடையைக் கூடுதலாக ஏற்றிவிட்ட மாதிரித்தான் இருக்கும்.

எழும்பிய பிறகு ஏறும் வேகத்தையும் பாருங்கள். 730 எல்லாம் போய் 250 அடி கிடைத்தாலே பெரிசு. எதிரே மலை வேறு. இப்போ ஃபைலைத் திறந்து பவர் ஸ்கேலரை 1.45 ஆக்குங்கள். உயரத்தில் எஞ்சின் இழந்த சக்தி ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவிடும். டர்போசார்ஜர் வைத்த மாதிரி. மறுபடி ஓடி, 55-ல் தூக்கும்போது ஜி.பி.எஸ். என்ன காட்டும்? முதலில் பேப்பரில் எழுதிட்டு வாங்க.